காற்றில்லாமல் சுற்றிய காற்றாடி

“அந்தாளுக்கு இருக்கிறது கண்ணா, கொள்ளிக்கட்டையா? பாத்துட்டுப் போனான், நின்னு போச்சே!”

சுப்பராயலு கொல்லையில் நின்று குதித்தார். தலைக்கு மேலே, இரும்புக் கம்பத்தின் உச்சியில், காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் அவருடைய காற்றாடி அசையாமல் நின்றது.

1938. காணை கிராமத்துக்குக் கரண்டு வராத காலம். புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றதை வண்டியில் ஏற்றி வந்து, இரண்டு மோட்டார் கார் பாட்டரிகளோடு தானே இணைத்து நிறுத்தியவர் சுப்பராயலு. யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் என்ன ஆவது?

விளக்கு எரிந்தது என்னவோ மூன்று நாள்தான். ஆனால் காற்றாடி மட்டும் இலை அசையாத மத்தியானத்திலும் சுற்றியது. பக்கத்து ஊர் கெடாரிலிருந்துகூட வண்டி கட்டி வந்து பார்த்தார்கள்.

“காத்தே இல்லாம சுத்துற காத்தாடி, ஜில்லாவிலேயே இது ஒண்ணுதான்” என்று சொல்லும்போது அவர் மீசையும் சேர்ந்து சுற்றும்.

இன்றைக்கு அவர் மகள் அம்சாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பையனின் அப்பா விருத்தாசலம், விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் பெட்டிகளுக்கு விளக்குப் போடும் பிட்டர். பையனுக்குப் பெண்ணைப் பிடித்தது. அம்சாவுக்கும் பிடித்தது என்பது, ஒரு காப்பித் தட்டை எடுக்க அவள் இரண்டு தரம் வந்ததிலேயே தெரிந்தது.

விருத்தாசலம் காற்றாடியை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். “நல்லா சுத்துதுங்க” என்றார். கொல்லைப்பக்கம் போய்க் கை கழுவினார். விடைபெற்றார்.

அவர்கள் வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் பங்காளி பெரியதம்பி கத்தினார். “காத்தாடி நின்னு போச்சுடோய்!”

ஊரே கொல்லையில் கூடிவிட்டது.

“மொளகா சுத்திப் போடு, குப்பம்மா!” என்றார் சுப்பராயலு.

மனைவி குப்பம்மாள் சுற்றி அடுப்பில் போட்டாள்.

“நெடியே வரல பாத்தியா?” என்றார் பெரியதம்பி. “பெரிய கண்ணுடா சாமி!”

சுப்பராயலு முடிவு செய்துவிட்டார். “காத்தாடியையே நிறுத்துனவன் என் பொண்ணை வாழ விடுவானா? இந்தச் சம்பந்தம் வாணாம். நாளைக்கே கடுதாசி போடறேன்.”

உள்ளே அம்சா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதாள்.

கூட்டம் ஒருவழியாகக் கலைந்தது. விளக்கு வைக்கும் நேரம். சுப்பராயலு காகிதமும் மசிப்புட்டியுமாக உட்கார்ந்தார்.

“அரிக்கேனைக் கொண்டா!”

குப்பம்மாள் அரிக்கேனைக் கொண்டு வரவில்லை. சுவிட்சைத் தட்டினாள். பல்ப் பளிச்சென்று எரிந்தது. சுப்பராயலு பேனாவோடு எழுந்தே விட்டார்.

“இன்னாடி இது?”

“காத்து அடிச்சா காத்தாடி பாட்டரிக்கு சோறு போடுமாம். காத்து நின்னா அதோட வோல்டேஜு எறங்கிப் போயி, பாட்டரி காத்தாடிக்கு சோறு போடுமாம். இத்தினி நாளா நம்ம பாட்டரிதான் அதைச் சுத்திக்கினு கெடந்துச்சாம். அதான் வெளக்குக்கு ஒண்ணும் மிஞ்சல.”

“யாரு சொன்னா?”

“சம்பந்தி அண்ணன்தான். கை கழுவத் தண்ணி ஊத்தப் போனேன்ல, எங்கிட்ட சொல்லிட்டுத்தான் ஒயரைக் கழட்டுனாரு. கரண்டு திரும்பிப் போவாம நடுவுல கட்-அவுட்டுன்னு ஒண்ணு வெக்கணுமாம். ரயிலுக்கும் அதான் வெப்பாங்களாம். ஞாயித்துக்கெழமை அவரே கொணாந்து வெக்கிறாராம்.”

சுப்பராயலு பேனாவைக் கீழே வைத்தார்.

“அப்பவே எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா? ஊரைக் கூட்டி வெச்சுக்கினு அந்த மனுசனை என்னென்ன பேசிட்டேன்!”

“நானும் கேட்டேன். ‘இத்தினி பேரு எதிர்ல சொன்னா சம்பந்திக்கு அவமானம்மா. எல்லாரும் போனப்புறம் நீ சொல்லு. அதுவரைக்கும் நான் கண்ணு வெச்சுட்டேன்னே பேசிக்கட்டும்’னாரு.”