கையுறை போட்ட விருந்து

“ஏழு ஜோடி கையுறை எடுத்து வை. கறி வெந்துடுச்சு.”

நாரின் நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவு. ஊழியர்கள் ஓய்வெடுக்கும் அறையில், தலைமைச் செவிலி புருல்கான் பெரிய தட்டை மேசையில் வைத்தார். பொடியாக நறுக்கிய ஆட்டுக்கறி, மாவு நாடா, மேலே மினுமினுக்கும் வால் கொழுப்பு. ஐந்து விரலாலும் அள்ளித் தின்ன வேண்டிய பெஷ்பர்மாக்.

விருந்தாளி எமில்பெக். மருத்துவமனைக்குக் கையுறை சப்ளை செய்பவர்.

“அக்கா விலை போயிட்டாங்க,” என்று முணுமுணுத்தாள் செவிலி நஸ்கூல்.

“கோபத்தைச் சாப்பிட்டப்புறம் வெச்சுக்க,” என்றார் பக்கத்திலிருந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர்.

போன மாதம் எமில்பெக் கொடுத்த கையுறைக்குள் ஒரு நோயாளியின் ரத்தம் இறங்கிவிட்டது. அதைப் போட்டிருந்த நஸ்கூல், நோய் தொற்றியதா என்ற பரிசோதனை முடிவுக்கு இன்னும் காத்திருக்கிறாள். அவள் எழுதிய புகார், ஆதாரம் இல்லை என்று திரும்பி வந்தது. இன்று காலை அடுத்த சரக்கு வந்து இறங்கியிருக்கிறது. புருல்கான் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு வருடத்துக்கு இதே கையுறைதான்.

எமில்பெக்கின் காது கூர்மையானது. “தங்கச்சி, நகம் வளத்தா எந்தக் கையுறை தாங்கும்?”

நஸ்கூல் கையை நீட்டிக் காட்டினாள். நகமே இல்லை. ஒரு மாதமாகக் கடித்தே தீர்த்திருந்தாள்.

புருல்கான் கூஜாவோடு வந்து ஒவ்வொருவர் கையிலும் வெந்நீர் ஊற்றினார். சோப்பு கொடுத்தார். பிறகு விரல் விரலாகத் துடைத்துவிட்டார்.

“கையுறை போடப்போறோம். கை கழுவுறது எதுக்குக்கா?” என்று சிரித்தார் எமில்பெக்.

“விருந்தாளி கையில தண்ணி ஊத்தலேன்னா எங்கம்மா கனவுல வந்து திட்டும். உங்க சரக்கைப் போட்டுச் சாப்பிட்டா உங்களுக்கும் பெருமைதானே, தம்பி?”

எமில்பெக் பூரித்துப்போனார். அன்று வந்த அட்டைப்பெட்டியைத் தானே பிரித்து, எல்லோருக்கும் நீலக் கையுறையை நீட்டினார். தானும் மாட்டிக்கொண்டார். பத்தே நிமிடத்தில் தட்டு காலி. நஸ்கூல் மட்டும் வேண்டாவெறுப்பாக இரண்டு வாய் தின்றாள்.

எமில்பெக் பையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுக்கப் போனார். “அப்படியே ஒரு கையெழுத்து, அக்கா.”

“முதல்ல கையுறையைக் கழட்டுங்க, வெளிப்பக்கம் விரல்ல படாம. எல்லாரும்தான்.”

புருல்கான் சலவை செய்த வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்தார். விருந்தாளிக்குத்தான் முதல் மரியாதை. எமில்பெக் இரண்டு கையையும் அழுத்தித் துடைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஆளுக்கோர் இடத்தில் துடைத்தார்கள்.

புருல்கான் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மணிக்கட்டு பட்ட இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. விரல் நுனி பட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்புத் தடம். ஏழு பேரில் நான்கு பேருடையது.

ஓட்டுநர் தன் விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

“நஸ்கூல், இதை உன் புகாரோட சேர்த்து மேல அனுப்பு.”

எமில்பெக் தாளை எடுத்து நீட்டினார். “அக்கா... கையெழுத்து?”

“துண்டைப் பாருங்க தம்பி. முதல் கையெழுத்தே உங்களோடதுதான்.”