ஒன்பது விரல்

ஆறு வயது ஜொகராவுக்குப் பிறவியிலேயே பார்வை மங்கல். அவளுக்குக் கணக்கு வருகிறதா என்று ஒரு மாதம் பார்த்துச் சொல்லும்படி தலைமையாசிரியர் அவளைப் பாலாமணி டீச்சரிடம் ஒப்படைத்திருந்தார். வராவிட்டால் பள்ளியில் சேர்க்க முடியாதாம்.

வகுப்பில் ஏற்கெனவே ஐம்பது பிள்ளைகள். அவர்கள் போன பிறகு, வீரசோழன் ஊர் வெயிலில் தொண்டை வறள, புளியங்கொட்டைகளை ஜொகராவின் உள்ளங்கையில் வைத்து வைத்து டீச்சர் ஓய்ந்து போயிருந்தாள். பிள்ளை பத்து வரை தடுமாறாமல் சொன்னாள். ஆனால் அது எண்ணிக்கையா, வெறும் ஒப்பித்தலா?

கெடு முடியும் நாளில் கொட்டைகளை ஒதுக்கிவிட்டுக் கேட்டாள். "உன் ரெண்டு கையிலயும் எத்தன வெரலு?"

"பத்து டீச்சர்."

"உங்க உம்மாவுக்கு?"

"ஒம்பது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுத்தா."

"ஒம்பதுதான் டீச்சர்."

டீச்சருக்கு அலுப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிள்ளையை அழைத்துப்போக வந்த அவள் உம்மா மீரான் பீவியிடம், "எல்லாம் வெறும் மனப்பாடம்மா. உங்களுக்கு ஒம்பது வெரலுங்குறா. இனி என்னால ஏலாது, கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள்.

மீரான் பீவி முந்தானைக்குள் இருந்த வலது கையை மெல்ல வெளியே நீட்டினாள். எப்போதோ பஞ்சு மில்லில் இயந்திரத்துக்குக் கொடுத்த சுண்டுவிரல் அதில் இல்லை.

"யாரு கண்ணுலயும் படாம மறைச்சே வச்சிருக்கேன் டீச்சர். இவகிட்டக்கூடச் சொன்னதில்ல. என் கையப் பிடிச்சுக்கிட்டே தூங்குவா. அப்ப அவளா எண்ணியிருக்கா."

பாலாமணி சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தாள்.

"பிள்ள பொறந்த தேதி சொல்லுங்கம்மா."