பழைய ஸ்டியரிங்

ஏற்காட்டில் தன் வீட்டு வாசலில், காரின் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு சந்திரசேகர் அரை மணி நேரம் காத்திருந்தார். பிறகு ஏர்பேக்கைப் பக்குவமாக எடுத்து, முகப்பு மேலே பார்க்கக் கட்டிலில் வைத்தார். நட்டைத் திருகி, தோல் உரிந்த ஸ்டியரிங்கை உருவினார். புதியதைப் பூட்டி, அதே ஏர்பேக்கைப் பொருத்தினார். பழையதன் நடு ஓட்டையில் ஆணி கொடுத்துச் சுவரில் மாட்டினார்.

மறுநாள் காலை அவர் மனைவி மலர் காரை எடுத்துக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பினாள். கொஞ்ச நேரத்தில், சுவரிலிருந்த ஸ்டியரிங் இடப்பக்கம் சுற்றித் திரும்பியது. சற்றுப் பொறுத்து வலப்பக்கம் சுற்றியது. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் அவருக்கு மனப்பாடம். காபியைக் குடித்தபடியே எண்ணினார். பத்துவரை சரியாக வந்தது. பதினொன்றுக்கு அது அசையவில்லை. எழுந்துபோய் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். வண்டியின் கனம் கையில் தெரிந்தது.

சட்டைப்பையில் செல்போன் அடித்தது. ஒரு கையால் எடுத்தார்.

"ஏனுங்க, ஒரு வளைவுல ஸ்டியரிங்கு அப்படியே இறுகிப்போச்சுங்க. பள்ளத்துகிட்டப் போனதும் தானா திரும்பிருச்சு. இப்ப நொம்ப லேசா இருக்குதுங்க."

"மலரு, அங்கயே நிறுத்து..."

டவர் போய்விட்டது. சந்திரசேகர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், காலாலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னும் ஒன்பது வளைவுகள் இருந்தன.