தூம்பா திரும்பும் கனம்

எங்கள் மாதா கோயில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. மணிக்கூண்டுக்குக் கீழே உள்ள சின்ன அறையில்தான் பங்கின் பொதுப் பாடையான தூம்பா இருக்கிறது. யார் இறந்தாலும் அதில்தான் கல்லறைக்குச் சுமந்து போவோம். அடக்கம் முடிந்து வெறும் தூம்பாவைத் திரும்பக் கொண்டுவரும்போதும் போன கனம் அப்படியே இருக்கும். பெரியவர் என்றால் நான்கு பேர் வேண்டும், குழந்தை என்றால் ஒருவர் போதும். அறையில் இறக்கி வைத்த பிறகுதான் அது லேசாகும். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

போன வருடம் மணிக்கூண்டில் விரிசல் விழுந்தது.

“இந்த அறைப் பக்கம் மட்டும் அஸ்திவாரம் எறங்கியிருக்கு. உள்ள அவ்வளவு பாரமா என்ன வச்சிருக்கீங்க?” என்று இன்ஜினியர் கேட்டார்.

“மரத் தூம்பா ஒண்ணுதாங்க,” என்றார் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மரியசூசை.

தூம்பாவை எரித்துவிடலாம் என்று பங்குப் பேரவை முடிவெடுத்தது. மரியசூசை பங்குச் சாமியாரின் காலைப் பிடித்துக்கொண்டார்.

“எஞ் சம்சாரம் நாளெண்ணிக்கிட்டு இருக்கு. அதுவரைக்கும் கொளுத்தாதீங்க, சாமி.”

ஆவணியில் அவர் மனைவி செசிலி இறந்துபோனார். மரியசூசை அறையைக் கழுவி, தூம்பா வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுத்தான் அடக்கத்துக்கு வந்தார்.

மண் போட்டு முடிந்ததும் வழக்கம்போல நான்கு பேர் குனிந்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினோம். கனமே இல்லாமல் தூம்பா எங்கள் தலைக்கு மேலே போய்விட்டது.

“விடுங்கப்பா, நானே கொண்டாறேன்,” என்றார் மரியசூசை.

ஒற்றைக் கையில் அதைத் தூக்கிக்கொண்டு கோயிலை நோக்கி நடந்தார்.