போணி

ஒரு நிமிடத்துக்கு அவன் வைத்த விலை மாதம் நாற்பத்தொன்பது ரூபாய்.

கணவன் வாசலுக்கு வருமுன் மனைவிக்குக் கிடைக்கிற ஒரு நிமிடம். ஐம்பது என்றால் யோசிப்பார்கள்.

அவன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் பாத்திரக் கடையில், வெறுங்கையோடு திரும்பியவர்கள் கேட்டுவிட்டுப் போன சாமான்களின் பட்டியல்தான் அடுத்த லோடு. அவனும் அதையே செய்தான். வீட்டு ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் ஆப்களுக்குப் பெண்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதியதை உட்கார்ந்து வாசித்தான்.

'அவருக்கும் தெரிந்துவிடுகிறது.'

'வந்த பிறகு காட்டி என்ன பிரயோஜனம்?'

'பிள்ளையைத் தூங்கவைக்க நேரம் போதவில்லை.'

இப்படி நானூறு பேர். கடை திறக்குமுன்பே வரிசை.

எட்டணாக் காசு அளவில் ஒரு வில்லை செய்தான். கணவனின் வண்டி சீட்டுக்கு அடியில் ஒட்டினால் போதும். வண்டி தெருவுக்குள் திரும்பியதும் அவள் போனில் ஒரு சிட்டுக்குருவி கத்தும். குருவியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

விற்பனை தொடங்கிய பதினோராவது நிமிடம் பணம் விழுந்தது. போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினான்.

"போணி ஆயிருச்சு! எந்த மடையன் பொண்டாட்டியோ!"

மனைவி வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கைராசிக்காரங்களா இருக்கும்ங்க."

முதல் வில்லை ஒரு தையல் கடை முகவரிக்குப் போனது. பாதிப் பேர் வீட்டு முகவரி தருவதில்லை.

அந்தப் பெண்களின் கணவன்மாரை நினைத்தால் அவனுக்குச் சிரிப்பு வரும். அவன் கை ஓங்குகிற ஆள் இல்லை. ஓங்கிய இரண்டு முறையும் காரணம் இருந்தது.

இன்று வண்டி பஞ்சர். தள்ளிக்கொண்டு வந்தான்.

தெருவில் கரண்ட் இல்லை. டிவி இல்லை, மிக்சி இல்லை. மாடியில் மகள் சிரிப்பது தெருமுனைக்கே கேட்டது.

இவ்வளவு சத்தமாகச் சிரிப்பாளா?

தெருவுக்குள் திரும்பினான்.

குருவி கத்தியது.

சிரிப்பு நின்றது.

இருட்டிய பிறகு எந்தக் குருவி கத்தும்?

வண்டியைப் பின்னால் இழுத்தான். பத்தடி. இருபதடி. தெருமுனை தாண்டி நின்றான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மகள் ஏதோ சொன்னாள். அவள் அம்மா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவன் கேட்டதே இல்லை.

முன்னால் தள்ளினான்.

குருவி.

வீடு வாயை மூடிக்கொண்டது.

வாசலில் நிறுத்தி, சீட்டைத் தூக்கி, விரலால் துழாவினான். போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வில்லையில் அவனே பொறித்த எண்.

ஒன்று.

மேலே, பால்கனி இருட்டிலிருந்து குரல் வந்தது. தினமும் கேட்கிற அதே பதமான குரல்.

"வந்துட்டீங்களா? சாப்பாடு எடுத்து வைக்கவா?"

பதினான்கு மாதம். அறுநூற்று எண்பத்தாறு ரூபாய்.

அவள் பேரம் பேசவில்லை. பாக்கியும் வைக்கவில்லை.