கிண்ணம் நிறையப் பால்

பூனைக்குட்டிக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. அன்று காலையும் மணல் தட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் பாயிலேயே கழிந்துவிட்டது.

"இரண்டடி தள்ளித்தானே இருக்கிறேன்?" என்றது மணல் தட்டு.

"ஓடித்தான் வந்தேன். வயிறு கேட்கவில்லை."

"எல்லாம் அந்தப் பசும்பாலால் வந்தது. இனிமேல் குடிக்காதே."

"நான் பால் குடிக்கும்போது மட்டும்தான் அவள் என்னைத் தடவிக்கொடுக்கிறாள்," என்றது குட்டி.

வீட்டுக்காரி புனிதவதி வந்தாள். பாயைப் பார்த்ததும் குட்டியின் மூக்கைப் பிடித்து அந்த ஈரத்திலேயே தேய்த்தாள். பிறகு அதன் ஒட்டிப்போன வயிறு கண்ணில் பட்டது.

"ஐயோ, எலும்பும் தோலுமா ஆயிட்டியேடி!" என்று கிண்ணம் நிறையப் பால் ஊற்றினாள்.

குட்டி ஒருமுறை மணல் தட்டைத் திரும்பிப் பார்த்தது. முதுகில் அந்தக் கை இருந்தவரை குடித்துக்கொண்டே இருந்தது.