பிரிபடாத பங்கு

"வெளியாளு ஒருத்தன்கூட இனிமே இந்த கேட்டைத் தாண்டக் கூடாது!"

சங்கத் தலைவர் சதாசிவம் மேசையில் ஓங்கித் தட்டியதில் டீ டம்ளர்கள் துள்ளின.

படூர் அடுக்ககத்தின் ஏ பிளாக்காரர்களும் பி பிளாக்காரர்களும் பாதாம் மரத்தடியில் கூடியிருந்தார்கள். நடுவில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான் செல்வராஜ். தினமும் மதியம் தோட்டத்து பெஞ்சில் காலை நீட்டித் தூங்கிவிட்டுப் போகிற வெளியாள். இன்றைக்குக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்.

"இந்த ஆளை உங்களால துரத்த முடியலைன்னா தலைவர் பதவியை ராஜினாமா பண்ணிடுங்க சார்," என்றார் பி பிளாக் ஜெபகுமார்.

பதவி என்றால் சதாசிவத்துக்கு உயிர். போன வருடம் யாருமே சீண்டாத அந்த நாற்காலிக்குக் கை தூக்கியவர் அவர் ஒருவர்தான். அன்றிலிருந்து வாட்ச்மேனின் சல்யூட் என்ன, பொங்கல் விழாவில் மாலை என்ன! அதையெல்லாம் விட மனசு வருமா?

"பாவம் சார், காத்தாடத்தானே படுக்கிறார்?" என்றார் செயலாளர் வசந்தா.

"காத்து வாங்கணும்னா கோவளம் பீச்சுக்குப் போவட்டும்! இந்த மண்ணு மொத்தமும் நாப்பது வூட்டுக்கும் பிரிபடாத பங்கும்மா. இவன் அந்த பெஞ்சுல படுத்தா நாப்பது பேரு மடியிலயும் படுத்த மாதிரி!"

சதாசிவத்தின் பேச்சுக்குக் கைதட்டல் காதைப் பிளந்தது.

"இன்னா தலைவரே, இப்படிப் பேஜார் பண்ற? ஓரமாத்தானே தூங்கினேன்?"

"ஓரமும் பொதுதான்யா. கெளம்பு!"

செல்வராஜ் முறைத்துக்கொண்டே வெளியேறினான். ஜெபகுமாரே எழுந்து வந்து தலைவரின் கையைக் குலுக்கினார். அடுத்த வருடமும் அவரே தலைவர் என்று அங்கேயே முடிவானது. சதாசிவத்துக்குத் தலைகால் புரியவில்லை.

கூட்டம் கலைந்ததும், வாட்ச்மேனின் சல்யூட்டை வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தார். தெருமுனையில் செல்வராஜ் ஸ்கூட்டரோடு உர்ரென்று காத்திருந்தான்.

"ஏறு மாமா. எல்லார் முன்னாடியும் இன்னா திட்டு திட்டிட்ட! அக்காகிட்ட சொல்றேன் இரு."

"எத்தினி தபா சொன்னேன் மச்சான், கேட்டியா?" சதாசிவம் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "நான் மட்டும் போனா, ஏ பிளாக்காரன் என்னை பி பிளாக்குன்னு நெனைச்சுக்கிறான், பி பிளாக்காரன் ஏ பிளாக்குன்னு நெனைச்சுக்கிறான். நீயும் வந்து குறட்டை வுட்டா, நம்ம வூடு பக்கத்துத் தெருவுல கீதுன்னு தெரிஞ்சுடாதா?"